இயந்திரத் தேர்வும் நியமன நீதியும்: மைசூர் தரும் படிப்பினை

வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பணியில் செயற்கை நுண்ணறிவு இன்று இடம்பெற்றுவிட்டது. ஆயிரக்கணக்கில் குவியும் விண்ணப்பங்களைக் கணிப்பொறியே படித்து, மதிப்பெண் இட்டு, நேர்முகத் தேர்வுக்கு அழைக்கத் தக்கவரைப் பிரித்துத் தருகிறது. இயந்திரத்திற்குச் சாதியில்லை, உறவினரில்லை, சிபாரிசும் தெரியாது; ஆகவே அதன் முடிவு நடுநிலையானது என்று பலர் கருதுகின்றனர். தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைப்பது நல்ல நோக்கமே. அந்நோக்கத்துடன்தான் மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வைக் கைவிட்டது. ஆயினும், முறை பொதுவாக இருப்பதனாலேயே விளைவும் நீதியானதாகிவிடுமா? இவ்வினாவை மைசூர் சமஸ்தானம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்டது.

மில்லர் குழு

சமஸ்தானத்தின் உயர் பதவிகள் கல்வித் தகுதியை ஒட்டியே நிரப்பப்பட்டு வந்தன. விதி எந்த வகுப்பினரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆயினும் பதவிகளில் பெரும்பாலானவை பிராமண வகுப்பினரிடமே இருந்தன. ஆங்கிலக் கல்வி எல்லா வகுப்பினரையும் சமமாகச் சென்றடையாததே இதற்கு முதன்மைக் காரணமாகும்.

பிற வகுப்பினரின் முறையீட்டை ஏற்று, மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு ஒன்றை அமைத்தார். ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாத வகுப்பினர் இடம்பெற வேண்டும் என்று அக்குழு 1919இல் பரிந்துரைத்தது. 1921இல் அரசாணை பிறந்தது.

திவான் விசுவேசுவரய்யா இவ்வழியை ஏற்கவில்லை. கல்வியைப் பரப்பி அதன்வழியே அனைவரையும் உயர்த்த வேண்டும், நிர்வாகத் திறமை குன்றக் கூடாது என்பது அவர் கருத்து. இவ்விவாதம் இன்றும் முடிந்துவிடவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று: விதியை மட்டும் படித்துப் பார்த்து நீதியை அறிய இயலாது, தேர்வு பெற்றோர் யார் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இயந்திரம் கற்கும் விதம்

இப்படிப்பினை இயந்திரத்திற்கும் பொருந்தும். 'நல்ல ஊழியர்' யார் என்பதை இயந்திரம் தானாக அறிவதில்லை. முற்காலத்தில் தேர்வு செய்யப்பட்டோரின் விவரங்களிலிருந்தே கற்றுக்கொள்கிறது. பழைய தேர்வில் சாய்வு இருந்திருப்பின் அதுவே புதிய விதியாகிவிடுகிறது.

அமேசான் நிறுவனம் 2014இல் உருவாக்கத் தொடங்கிய தேர்வுக் கருவி இதற்குச் சான்றாகும். பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது. அவ்விண்ணப்பதாரருள் பெரும்பாலோர் ஆண்கள். விளைவாக, 'மகளிர்' என்னும் சொல் வரும் விண்ணப்பங்களுக்குக் கருவி மதிப்பைக் குறைத்தது. அச்சொல்லைப் பொருட்படுத்தாதவாறு திருத்தியும், வேறு வழியில் சாய்வு நுழையாது என்ற உறுதி கிட்டவில்லை. நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியாயிற்று.

நம் நாட்டில் இவ்விடர் மேலும் நுட்பமானது. விண்ணப்பத்தில் சாதி கேட்கப்படாவிடினும், குடும்பப் பெயர், அஞ்சல் குறியீட்டு எண், பயின்ற பள்ளி, பயிற்று மொழி ஆகியவை அதனைக் குறிப்பாக உணர்த்தக் கூடும். பேச்சைக் கேட்டு மதிப்பிடும் கருவியாயின், அது பயிலாத உச்சரிப்புடையோர் பின்தங்க நேரும். 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நம் மொழிகளின் எழுத்து, பேச்சுத் தரவுகளைத் திரட்டி வருவது இவ்வகையிலும் பயனுடையதாகும்.

அளக்கும் வழி

சாய்வை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 200 ஆண்கள் விண்ணப்பித்து 60 பேர் தேர்வு பெற்றால் விகிதம் 30 சதவீதம். 100 பெண்கள் விண்ணப்பித்து 15 பேர் தேர்வு பெற்றால் 15 சதவீதம். பின்னதை முன்னதால் வகுத்தால் 0.5 கிடைக்கிறது. 1978இல் அமெரிக்க அரசு வகுத்த நெறிப்படி, இவ்வீவு 0.8க்குக் குறைந்தால் தேர்வு முறையை ஆராய வேண்டும். குறைவு என்பது குற்றத்திற்கு முடிவான சான்றன்று. விசாரணைக்கு உரிய அறிகுறியாகும். நியூயார்க் மாநகரில் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தப்பட்ட சட்டம், இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்து முடிவைச் சுருக்கமாக வெளியிடுமாறு பணிக்கிறது.

செய்யத்தக்கன

நம் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசுப் பணிகளில் சம வாய்ப்பை உறுதி செய்கிறது. தனியார் நிறுவனங்களின் நியமனம் அதன் வரம்பிற்குள் வருவதில்லை. இயந்திரத் தேர்வு மிகுதியாகப் பரவுவதோ தனியார் துறையில்தான். எனவே மூன்று நடவடிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவது, தேர்வின் விளைவைப் பிரிவு வாரியாக எண்ணி வெளியிடுதல். இரண்டாவது, நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் கூறுதல். மூன்றாவது, இறுதி முடிவுக்கு ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குதல்.

இவற்றுள் முதலாவதே அடிப்படை. பிரிவு விவரங்களைச் சேகரிக்காத நிறுவனம், தன்னிடம் பாகுபாடு இல்லை என்று கூறலாம், நிறுவ முடியாது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி வேலை தேடும் இளைஞரின் விண்ணப்பம் மனிதர் கண்ணிற்கே படாமல் ஒதுக்கப்படுமாயின், அது குறித்து முறையிடவும் அவருக்கு வழியிராது. எண்ணிப் பார்க்கும் கடமையை அவருக்காக அரசும் நிறுவனங்களும் ஏற்றல் வேண்டும்.