மூளைக்குள் ஓடும் வாய்க்கால்



மோகனூர்ப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு வாய்க்காலைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் தண்ணீர், வழியில் மடை அடைபட்டால் மேலே தேங்கிப் பயிரைக் கெடுத்துவிடும். நம் தலைக்குள்ளும் இப்படி ஒரு வாய்க்கால் உண்டு. அதைப் பற்றியதே இந்த இதழின் மருத்துவப் பாடம்.

மூளையின் நடுவே உள்ள அறைகளில் தெளிந்த நீர் ஒன்று சுரக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் சுமார் 500 மில்லி சுரக்கிறது. ஆனால் தலையிலும் முதுகுத்தண்டிலும் ஒரே நேரத்தில் இருப்பது சுமார் 150 மில்லிதான். சுரக்கச் சுரக்க அது இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. வழி அடைபட்டாலோ, இரத்தத்தில் சேர்வது தடைபட்டாலோ அறைகள் விரிந்து மூளையை அழுத்தும். இதையே டாக்டர்கள் ஹைட்ரோசெபலஸ் என்கிறார்கள்.

இதனால் கைக்குழந்தைகளுக்குத் தலை பெரிதாகிறது. நம் நாட்டில் காசநோய் மூளைக்காய்ச்சலும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இத்தகைய நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1991-ல் வெளிவந்தது. நினைவு மங்குவதற்கு முன்பே குழாய் வைத்து நீரை வடித்தவர்கள் அதிகம் பிழைத்தனர் என்று அது காட்டியது.

முதியோருக்கும் இந்நோய் வரும். 1965-ல் கொலம்பியா நாட்டு டாக்டர் சாலமன் ஹக்கீமும் அவருடைய தோழர்களும் இதை விவரித்தனர். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போன்ற நடை, மறதி, சிறுநீரை அடக்க முடியாமை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். வீட்டில் தாத்தாவுக்கு இப்படி ஆனால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். குணமாகக்கூடிய ஒருவர் இப்படியே படுக்கையில் விழுந்துவிடக் கூடும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வயதாகும்போது மூளை சுருங்குவதாலும் அறைகள் பெரிதாகும். சாதாரண ஸ்கேன் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். இங்கேதான் எம்.ஆர்.ஐ. உதவுகிறது.

இதயம் துடிக்கும்போதெல்லாம் மூளைக்குள் இரத்தம் பாய்கிறது. அப்போது இந்த நீர் ஒரு மெல்லிய கால்வாய் வழியே கீழே தள்ளப்பட்டு, உடனே மேலே திரும்புகிறது. காந்தப்புலத்தில் அசையாமல் இருக்கும் நீரும் ஓடும் நீரும் வெவ்வேறு சமிக்ஞை தருகின்றன. வேகம் கூடக்கூட இந்த வேறுபாடும் கூடும். நாடித்துடிப்போடு இணைத்துப் படமெடுத்தால், ஒரு துடிப்பில் எவ்வளவு நீர் போய் வருகிறது என்று கணக்கிடலாம். ஊசி மருந்தும் எக்ஸ்ரே கதிரும் இதற்குத் தேவையில்லை. கால்வாய் அடைபட்டிருந்தால் ஓட்டமே தெரியாது. அடைப்பைத் தாண்டி நீர் போக அறுவைச் சிகிச்சையில் துளை போட்டிருந்தால், அது திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

1996-ல் அமெரிக்காவில் டாக்டர் வில்லியம் பிராட்லியின் குழு, ஒரு துடிப்புக்கு 42 மைக்ரோலிட்டருக்கு மேல் ஓட்டம் உள்ள முதியோர் குழாய் வைத்தபின் தேறியதைக் கண்டது. அது ஒரு சொட்டுக்கும் குறைவான அளவு! ஆயினும் இயந்திரத்துக்கு இயந்திரம் கணக்கு மாறுவதால், இந்த எண்ணை மட்டும் நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி நீரை எடுத்தபின் நடை தேறுகிறதா என்றும் பார்க்கிறார்கள். ஸ்கேன் ஒரு சாட்சி. நோயாளியின் நடை இன்னொரு சாட்சி.

அன்பானவர்களே, இந்தப் பாடத்தை வாசித்ததோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் சபையிலோ தெருவிலோ காலை இழுத்து இழுத்து நடக்கும் பெரியவர் இருந்தால், அவருக்கு மறதியும் சிறுநீர்த் தொல்லையும் உண்டா என்று வீட்டாரிடம் மெதுவாகக் கேளுங்கள். குழந்தையின் தலை வேகமாகப் பெரிதானால் தாயைத் தாமதிக்க விடாதீர்கள். மடை அடைபட்டது தெரிந்தால் நாம் மறுநாள் வரை காத்திருப்பதில்லையே!