மனம் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்

பணி ஓய்வு பெற்று ஆறேழு மாதம் ஆனவர்கள் ஆலோசனைக்கு வரும்போது, பலரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "இனிமே என்ன இருக்கு?" ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், சர்க்கரைகூடக் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் நாளை என்றாலே கசக்கிறது. வயதானால் அப்படித்தான் என்று தள்ளிவிடவும் வேண்டாம். பெரிய நோயோ என்று பதறவும் வேண்டாம்.

வேலையில் இருந்தவரை யாராவது உங்களைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். கோப்பு எங்கே என்று கேட்க, கையெழுத்து வாங்க, டீ குடிக்கக் கூப்பிட. ஓய்வு பெற்ற மறுநாள் அது நின்றுபோகிறது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் மனச்சோர்வை இந்தக் கோணத்தில் விளக்கினார். செய்கிற காரியத்துக்குச் சூழலிலிருந்து கிடைக்கும் நிறைவு குறைந்தால், நாம் செய்வதும் குறைகிறது; அதனால் நிறைவு இன்னும் குறைகிறது. காலியான அந்த நேரத்தில் தொலைக்காட்சி விவாதங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

செய்தித்தாளை இரண்டு முறை படிப்பது, கல்யாணப் பத்திரிகை வந்தால் போகாமலிருக்கக் காரணம் தேடுவது, யார் எந்த யோசனை சொன்னாலும் "அதெல்லாம் நடக்காது" என்பது ஆகியவை தொடக்க அறிகுறிகள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாத நிலை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒருநாளும் தாமதிக்காமல் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மற்றவர்களுக்கு நான் சொல்வது செயல்முனைப்பு முறை (மனம் மாறிய பிறகு செய்யலாம் என்றிராமல், செயலை முதலில் தொடங்குவது). நடைப்பயிற்சியும் தோட்டமும் நல்லவைதான். ஆனால் நீங்கள் போகாவிட்டால் அவை "ஏன் வரவில்லை?" என்று கேட்காது. அதனால்தான் தொண்டு, அதிலும் குறிப்பிட்ட ஒருவர் உங்களை எதிர்பார்க்கும் தொண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அத்தனை பேர் இடுப்பளவுத் தண்ணீரில் சோறு சுமந்தார்கள். அது பெரிய காரியம். ஆனால் நாள்பட்ட அவநம்பிக்கைக்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க முடியாது. வாரா வாரம் வரும் சின்ன வேலைதான் பலன் தரும்.

ஓர் எடுத்துக்காட்டு: பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூலைப் படித்துப் பதிவுசெய்து கொடுப்பது. கைப்பேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள். குக்கர் விசில் அச்சாகப் பதிவாகும். பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அட்டவணை வந்தால் முதலில் எத்தனை பத்தி, ஒவ்வொன்றின் தலைப்பு என்ன என்று சொல்லிவிட்டு, பிறகு வரிசை வரிசையாகப் படியுங்கள். படத்தைத் தாண்டிப் போகாதீர்கள், விவரியுங்கள். ஒருமுறை உட்கார்ந்தால் அரைமணி, பாடத்துக்கு ஒரு கோப்பு. சில நாளில் அந்த மாணவர் கூப்பிட்டு, "சார், 42ஆம் பக்கத்து அட்டவணை புரியல, இன்னொரு தடவை படிச்சு அனுப்புறீங்களா?" என்பார். என்னைக் கேட்டால், மருந்து வேலை செய்யத் தொடங்கும் இடம் அதுதான். பதிப்புரிமை பற்றிக் கவலை வேண்டாம். 2012இல் திருத்தப்பட்ட சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கமின்றி இப்படிச் செய்வதை அனுமதிக்கிறது. யூடியூபில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

தேர்வில் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கும் 'ஸ்கிரைப்' வேலைக்கும் பலர் ஆசைப்படுகிறார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாணவர் தாமே அழைத்து வருபவரின் படிப்பு மாணவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். எம்.ஏ. படித்த நீங்கள் பி.ஏ. மாணவருக்கு எழுத முடியாமல் போகலாம்; இப்போதைய விதி என்ன என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால், 3 மணித் தேர்வு 4 மணி நேரமாகும். முதுகுவலி உள்ளவர்கள் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள்.

குறுக்குவழிகள் சில இருக்கின்றன. ஒருநாள் அன்னதானத்துக்குப் பணம் கட்டினால் மனபாரம் இறங்கிவிடும் என்பார்கள். புண்ணியம் கிடைக்கலாம், மறுநாள் காலை பத்து மணிக்கு அதே நாற்காலிதான். தொண்டு செய்தால் மாத்திரை தேவையில்லை என்று சொல்பவரை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். இன்னொரு பக்கம், ஆர்வத்தில் நான்கு அமைப்புகளில் பெயர் கொடுத்துவிட்டுப் பரிவுச் சோர்வில் (பிறர் துயரத்தைச் சுமந்து சுமந்து மனம் மரத்துப்போவது) விழுபவர்களும் உண்டு. வாரத்துக்கு 2 மணி நேரம், ஒரே இடம் போதும். முதல் மாதம் அலுப்பாகத்தான் இருக்கும். 3 மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்லூரிப் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் ஏப்ரலிலும் நவம்பரிலும் வருகின்றன. பதிவுகள் அதற்கு 2 மாதம் முன்னரே மாணவர் கையில் இருக்க வேண்டும். பக்கத்துக் கல்லூரிக்கு இந்த வாரமே போய் விசாரியுங்கள்.