கப்பல் தலைவியும் நம் திரைப்படமும்

கடற்கொள்ளையர் கதை என்றதும் தமிழ் ரசிகர் நினைவுக்கு வருவது பி. ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965). ஹாலிவுட்டின் ‘கேப்டன் பிளட்’ (1935) படத்தின் சாயல் அதில் உண்டு. இரண்டிலும் மருத்துவன் ஒருவன் அடிமையாக விற்கப்பட்டு, பின்னர்க் கடலோடுகிறான். இரண்டிலும் நாயகிக்குக் காதல் உண்டு. கப்பலின் சுக்கான் மட்டும் அவள் கைக்கு வருவதில்லை.

பெண்ணே தலைவியாக வரும் படங்களையும் ஹாலிவுட் எடுத்தது. அவற்றுள் சிறந்தது ‘ஆன் ஆஃப் தி இண்டீஸ்’ (1951) என்பேன். ஜீன் பீட்டர்ஸ் ஏற்ற கேப்டன் பிராவிடன்ஸ், ஆண் மாலுமிகளை ஆணையிட்டு நடத்துகிறாள். தான் நம்பிய பிரெஞ்சுக்காரன் ஏற்கெனவே மணமானவன் என்றறிந்ததும், அவனையும் அவன் மனைவியையும் வறண்ட தீவில் இறக்கிவிடுகிறாள். பிறகு மனம் இளகி, அவர்களைக் காக்கத் தன் கப்பலையும் உயிரையும் தருகிறாள். அடுத்த ஆண்டு வந்த ‘அகெய்ன்ஸ்ட் ஆல் ஃபிளாக்ஸ்’ படத்தில் மௌரீன் ஓஹாரா அழகாக வாள் வீசுகிறார். முடிவில் எரால் ஃபிளின்னுடன் சேர்ந்துவிடுகிறார். ஆக, வாளெடுத்தவளுக்குச் சாவு, அல்லது மாப்பிள்ளை! கதாசிரியர்களுக்கு மூன்றாவது வழி தோன்றவில்லை போலும்.

பெண் போரிடுவது இயற்கைக்கு மாறான கற்பனை என்று சிலர் கூறுவர். ஆன் போனி, மேரி ரீட் என்னும் இருவர் கொள்ளைக் கப்பலில் இருந்து பிடிபட்டு, 1720-இல் ஜமைக்காவில் தூக்குத்தண்டனை பெற்றனர் என்பது வரலாறு. இருவரும் கருவுற்றிருந்ததால் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. இவ்வளவு தொலைவு போவானேன்? ஒரகடத்தில் இரவு முறை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் திரும்பும் நம் சகோதரிகளைக் கேட்டால், எது இயற்கை என்று அவர்களே சொல்லுவார்கள்.

ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதும் பொருந்தாது. பம்பாயில் நாடியா சவுக்கேந்திய ‘ஹண்டர்வாலி’ (1935) பெருவெற்றி கண்டது. தமிழிலும் கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல்கொடி’யில் (1937) கே. டி. ருக்மணி கொள்ளைத் தலைவியாக வந்தார். கடல் இல்லை, குதிரைதான். ஆயினும் சண்டை அவருடையது. ஐம்பதுகளில் வாள்வீச்சு நாயகனுக்கே உரிய தகுதியாகிவிட்டது. அவன் பெயருக்குத்தான் சீட்டு விற்றது. ஆகவேதான், எம்.ஜி.ஆருடன் ஜெயலலிதா முதன்முதலாக இணைந்த 1965-ஆம் ஆண்டுப் படத்தில், கப்பல் வந்தும் வாள்கள் எம்.ஜி.ஆரிடமும் நம்பியாரிடமுமே இருந்தன.