பாய்மரப் படகுக்கு எஞ்சின்: குதிரைத்திறனைக் கடைசியில் பாருங்கள்

காருக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துப்போய், ஏரியிலோ விரிகுடாவிலோ இறக்கி, மாலையில் வீட்டு வாசலுக்கே திருப்பிக் கொண்டுவரக்கூடிய சிறு பாய்மரப் படகுகள் அமெரிக்காவில் ஏராளம். அவற்றில் பேர்போனது கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்தது. இதுவரை பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். பழைய படகு ஒன்று கைக்கு எட்டும் விலையில் கிடைத்துவிடும். பெரும்பாலும் அதன் பின்பலகையில் எஞ்சின் இருக்காது, இருந்தாலும் ஓடாது. ஆகவே படகு வாங்கிய மறு வாரமே அவுட்போர்டு எஞ்சின் தேடும் படலம் தொடங்கிவிடும்.

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை குதிரைத்திறன் போடலாம்?” என்பது. என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. பாய்மரப் படகில் எஞ்சினுக்கு வேலை கொஞ்சம்தான்: இறங்குதளத்தை விட்டு வெளியே வர, காற்று செத்தால் வீடு திரும்ப, ஓதம் எதிர்த்தால் தாக்குப்பிடிக்க, படகுத்துறைக்குள் நுழைந்து எதையும் இடிக்காமல் நிற்க. இந்த நான்கில் எதற்கும் வேகம் தேவையில்லை. மெதுவாகப் போகும்போதும் தண்ணீரை இறுகப் பிடித்துத் தள்ளும் எஞ்சின்தான் தேவை. கீழே வருபவை எல்லாம் கேட்டலினா 22-ஐ மனத்தில் வைத்துச் சொல்பவை. அதே அளவுள்ள மற்ற படகுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

ஷாஃப்ட் நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அவுட்போர்டு எஞ்சின்கள் பொதுவாக மூன்று நீளங்களில் வருகின்றன: 15, 20, 25 அங்குலம். சிறு மீன்பிடிப் படகுக்கும் ரப்பர் படகுக்கும் 15 போதும். பாய்மரப் படகின் பின்பலகை உயரமானது. எஞ்சினும் அதில் நேராக உட்காராமல், அதற்குப் பின்னால் நீட்டியிருக்கும் தாங்கியில்தான் தொங்கும். 20 அங்குலத்துக்குக் குறைந்தால் பேச்சே வேண்டாம். 25 கிடைத்தால் அதையே எடுங்கள். காரணம் இதுதான். துறையை நெருங்கும்போது ஒருவர் பாயை இறக்கவோ நங்கூரம் போடவோ அணியத்துக்குப் போவார். அவர் எடைக்கு முன்புறம் தாழும், பின்புறம் எழும். அந்த நேரம் பார்த்து ஒரு அலையும் வந்தால் ப்ரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்து காற்றை விழுங்கும். எஞ்சின் அலறும், ஆனால் படகு நகராது. பத்துக் குதிரைத்திறன் இருந்தாலும் காற்றில் சுழலும் ப்ரொப்பெல்லர் எதையும் தள்ளாது. அப்படித் தள்ளாமல் போவது எப்போதும் பாறையோ பக்கத்துப் படகோ அருகில் இருக்கும்போதுதான். ஷாஃப்ட் நீளமாக இருப்பதில் ஒரு தொல்லை மட்டும் உண்டு. பாய் விரித்தபின் எஞ்சினைத் தூக்கிச் சாய்த்தால் அதன் கால் முழுவதும் தண்ணீரை விட்டு வெளியே வருகிறதா என்று தாங்கியை மேலேற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். நுனி தண்ணீரில் இழுபட்டால் படகின் வேகம் குறையும், உப்பும் அரிக்கும்.

படகின் எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ நான்கு குதிரைத்திறன் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. கேட்டலினா 22 வெறும் படகாக ஒரு டன்னை ஒட்டி வரும். ஆட்கள், தண்ணீர், நங்கூரம், குளிர்பெட்டி எல்லாம் ஏறினால் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 5, 6 குதிரைத்திறன். ஏரிக்கு 4 போதும். இதில் ஒரு வியாபார நுணுக்கமும் உண்டு. டொஹாட்சுவின் 4, 5, 6 குதிரைத்திறன் எஞ்சின்கள் மூன்றும் ஒரே 123 சிசி உடல் கொண்டவை, எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே 4-ஐத் தேர்ந்தெடுத்தால் மிச்சமாவது பணம் மட்டும். முதுகுக்கு ஒரு பலனும் இல்லை.

உந்துவிசைக்கென்றே வடிவமைத்த வகையைத் தேடுங்கள். குறைந்த பிட்ச் உள்ள ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் குறைந்த தூரமே முன்னேறும், ஆனால் கனமான படகை விடாமல் தள்ளும். டொஹாட்சுவின் செயில்புரோ 25 அங்குல ஷாஃப்ட்டும் இத்தகைய ப்ரொப்பெல்லரும் சேர்ந்து வரும் 6 குதிரைத்திறன் எஞ்சின். பாய்மரப் படகுக்காரர்களை நினைத்தே செய்தது என்று பெயரிலேயே தெரிகிறது. யமஹாவின் டி9.9 இன்னும் ஒரு படி மேல். அதன் கியர் விகிதம் 2.92. சாதாரண 9.9-க்கு அது 2.08. எஞ்சின் வேகமாகச் சுழன்றாலும் பெரிய ப்ரொப்பெல்லர் நிதானமாக, பலமாகச் சுழலும். ரிவர்ஸிலும் இதற்கு ஒரு மேன்மை உண்டு. பல எஞ்சின்களில் புகை ப்ரொப்பெல்லரின் நடுவழியாக வெளியேறும். பின்னால் போகும்போது அந்தக் குமிழிகளையே ப்ரொப்பெல்லர் கடைந்துகொண்டிருக்கும், பிடிப்பு இருக்காது. டி9.9-இல் ரிவர்ஸின்போது புகைக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். பாய்மரப் படகுக்கு பிரேக் என்று ஒன்று இருந்தால் அது ரிவர்ஸ் கியர்தான். ஆனால் டி9.9-இன் எடை 45 கிலோவை ஒட்டியது. 6 குதிரைத்திறன் எஞ்சின் 27 கிலோவை ஒட்டியது. இருபத்திரண்டு அடிப் படகின் பின்முனையில் இந்த வித்தியாசம் ஒரு சிறுவன் எப்போதும் அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். 25, 26 அடிக்கு மேற்பட்ட கனமான படகுக்கு டி9.9. கேட்டலினா 22-க்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கை எட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். கியர் நெம்புகோல் எஞ்சினின் பக்கவாட்டில் இருந்தால், ரிவர்ஸ் போட ஒவ்வொரு முறையும் பின்பலகைக்கு வெளியே குனிய வேண்டும். நெம்புகோல் முன்பக்கம் உள்ள வகைதான் நிம்மதி. கூடவே எஞ்சினை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சுக்கான் பின்பலகையிலேயே தொங்கும் படகுகளில் ப்ரொப்பெல்லர் சுக்கானைக் கடித்துவிடும் ஆபத்து உண்டு. பெரிய பாயின் கயிறு எஞ்சினின் தலையில் மாட்டிக்கொள்வதும் சகஜம்.

வீட்டில் வேறு யார் இழுகயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்ப முடியும்? தண்ணீரில் விழுந்தவர் நீங்களாக இருந்தால் திரும்பி வந்து ஏற்ற வேண்டியவர் அவர்தான். அவரால் முடியாதென்றால் பேட்டரி ஸ்டார்ட்டுக்குக் கூடுதல் காசும் எடையும் கொடுப்பது நியாயமே.

தாங்கியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பழைய தாங்கிகள் எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக் காலத்தவை. அதில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் படியுங்கள். பின்பலகையைச் சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மொத்தையாக ஒலித்தால் உள்ளே மரம் உளுத்திருக்கலாம். போல்ட்டுகளுக்குப் பின்னால் உட்புறத்தில் அகலமான தகடு வைத்து இறுக்குவது அவசியம்.

ஆல்டர்னேட்டர், வெளித் தொட்டி இரண்டும் இருந்தால் நல்லது. உள்தொட்டியில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் பெட்ரோல் பிடிக்கும். ஆடும் படகில், சூடான எஞ்சினில், புனல் வைத்து ஊற்றுவது தீப்பிடிக்கும் வேலை.

செய்யக்கூடாதவை

பெரிய எஞ்சின் போட்டால் வேகமாகப் போகலாம் என்று நம்பவேண்டாம். நம் ஊர்க் கரையில் ஃபைபர் படகுகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது இயல்பாகத் தோன்றும். அந்தப் படகு வலையும் ஆளும் ஏற்றிக்கொண்டு கரையலையை உடைத்து வெளியேற வேண்டும். அதற்கு வலு வேண்டும், அதன் அடிப்பாகமும் தண்ணீரின் மேல் எழுந்து ஓடக்கூடியது. அடியில் கனமான கீல் (பாரத்தகடு) உள்ள பாய்மரப் படகு அப்படி எழாது. ஓடும்போது அணியத்தில் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டியதும் படகு தன் அலையின் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். அதற்குமேல் முறுக்கினால் பின்புறம் அமிழும், பெட்ரோல் கரையும், அவ்வளவுதான். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். கேட்டலினா 22-இன் நீர்க்கோடு 19 அடிக்குச் சற்று மேல். எல்லை 6 நாட்டுக்குச் சற்றுக் கீழ், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். 6 குதிரைத்திறனில் எட்டும் அதே எல்லைதான் 15-க்கும்.

விதிவிலக்கு மேக்கிரிகர் 26எக்ஸ் வகைப் படகுகள். அவற்றின் பாரமே தண்ணீர்தான். அதைக் கொட்டிவிட்டு 50 குதிரைத்திறன் எஞ்சினோடு மோட்டார் படகு போலவே பறக்கும். அது வேறு இனம். பாய்மர ஆர்வலர்கள் அதைக் கேலி செய்வார்கள், வைத்திருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

நீரோட்டத்தை எஞ்சினால் வெல்லப் பார்க்காதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட்டில் வற்றும் ஓதம் 4 நாட்டைத் தாண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் டிசெப்ஷன் பாஸில் 8 நாட் வரை போகும். 6 நாட்டைத் தாண்ட முடியாத படகுக்கு அந்த 8 நாட்டில் எந்த எஞ்சினும் உதவாது. ஓத அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது.

மறுபக்கம், இரண்டரை குதிரைத்திறனோடு சமாளித்துவிடலாம் என்று சிக்கனம் பார்ப்பதும் சரியல்ல. ஹோண்டாவின் பிஎஃப்2.3 போன்ற குட்டி எஞ்சின்களில் ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் போக எஞ்சினையே முழு வட்டமாகத் திருப்ப வேண்டும். காற்றடிக்கும் துறையில் அந்த நேரத்தில் அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். 15, 16 அடிப் படகுக்கு அவை அருமை.

மின்சார எஞ்சினைக் கண்மூடி வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். டார்கீடோவின் டிராவல் 1103-இல் 915 வாட்-மணி பேட்டரி. முழு வேகத்தில் 1,100 வாட் இழுக்கும், ஒரு மணி நேரம் தாங்காது. பாதி வேகத்துக்கும் கீழே ஓட்டினால் பல மணி நேரம் வரும். பெட்ரோல் எஞ்சினைத் தடைசெய்த நீர்த்தேக்கங்களில் இதுதான் வழி. எதிரோதத்தில் பத்து மைல் வர வேண்டிய கடலில் இதை நம்பி இறங்க மாட்டேன்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய டூ-ஸ்ட்ரோக்கை வாங்குமுன் உங்கள் நீர்நிலையின் விதியைக் கேளுங்கள். கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்குக்கு டாஹோ ஏரியில் 1999 முதல் தடை.

எஞ்சினைத் தாங்கியில் மாட்டியபடியே நெடுஞ்சாலையில் போகாதீர்கள். ஒவ்வொரு பள்ளமும் பின்பலகையை முறிக்கப் பார்க்கும். கழற்றிக் காருக்குள் படுக்கவையுங்கள். எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று உறையிலேயே குறித்திருக்கும். மாற்றிப் படுக்கவைத்தால் ஃபோர்-ஸ்ட்ரோக்கின் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு மாதக்கணக்கில் மூடிவைக்காதீர்கள். அமெரிக்காவில் பத்து சதவீதக் கலவை, இந்தியாவில் இப்போது இருபது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பெட்ரோல் ஆவியானபின் மிஞ்சும் பசை, சிறு எஞ்சினின் ஊசித்துளை ஜெட்டை அடைத்துவிடும். ஓடாத எஞ்சின் என்று விற்பனைக்கு வருபவற்றில் பாதிக்கு இதுதான் நோய் என்பது என் ஊகம். சீசன் முடிந்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். உப்புநீரில் ஓடியதென்றால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நீங்கள் போய்ச் சேருமுன் விற்பவர் எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்று வாங்காதீர்கள். உறையைக் கழற்றி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் நாலைந்து இழுப்பில் கிளம்பினால் நல்லது. கிளம்பியதும் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் போயிருக்கலாம், அது சில்லறைச் செலவு. தண்ணீர் வழிகள் உப்பில் அடைத்திருந்தால் செலவு பெரிது. கீழ்த் திருகைத் திறந்து கியர் எண்ணெயைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விலையைக் குறைத்துப் பேசலாம். ஷாஃப்ட் 15 அங்குலமாக இருந்தால் பேசவே வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும்.