குறட்டையும் மூச்சுத் தடையும்

குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டு, "கொடுத்து வைத்தவர்!" என்கிறோம். அஃது எப்போதும் உண்மையன்று என்பதை இங்கு விளக்க விழைகின்றேன்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகின்றது. சிலருக்கு மூச்சுப் பாதை அடைபட்டு, 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சே நின்றுவிடுகின்றது. இரத்தத்தில் பிராண வாயு குறைய, மூளை சற்றே விழித்து, திணறலுடன் மூச்சை மீட்கின்றது. இதுவே 'ஸ்லீப் அப்னியா'. பெரியவர்களுக்கு மணிக்கு 30 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போனால் நோய் கடுமையானது. இரத்தக் கொதிப்பு வரலாம். வண்டியோட்டும்போதே கண்ணயரவும் நேரலாம்.

1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கு வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் முறையை அறிவித்தார். கடுமையான நோய்க்கு இன்றும் அதுவே முதன்மை. அதைத் தாங்க இயலாதார்க்கும், நோய் மிதமாக உள்ளார்க்கும் பல் மருத்துவர் துணைபுரிகிறார். பல்வரிசையை அச்செடுத்து அவர் செய்யும் கருவி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்தள்ளிப் பிடிக்கும். நாக்குத் தசை தாடையெலும்போடு பிணைந்திருப்பதால் நாக்கும் முன்வரும், பாதை திறக்கும். தாடை வலியும் பல் நகர்தலும் நேரக்கூடுமாதலால் தொடர்ந்த கண்காணிப்பு தேவை.

உறக்கச் சோதனையின்றிக் கருவி அணிதல் தகாது. ஒலி அடங்கினும் மூச்சுத் தடை நீடிக்கலாம். குறட்டையை நகையாடாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உண்மையான பரிவாகும்.