முதல் பதிப்பைச் சீராக்குவது யார்?

மாணவர்களே, உங்கள் ஊரின் பெயரைக் கணிப்பொறியில் தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே, முந்திரித் தோப்புகள் சூழக் காடாம்புலியூர் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர் மாணவர் ஒருவர் புதிதாக வெளிவந்த ஓர் இயக்க அமைப்பின் முதல் பதிப்பைத் தம் கணிப்பொறியில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாகத் தம் ஊர்ப் பெயரை எழுதுகிறார். பெயர் சரியாகத் தெரிந்தால் மகிழ்ச்சி. எழுத்துகள் உடைந்தும் இடம் மாறியும் தெரிந்தால் அவர் என்ன செய்யவேண்டும்? அதை நீக்கிவிட்டுப் பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு விடை காணுமுன், இயக்க அமைப்பு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

டைம் கீப்பர் வேலை

பஸ் நிலையத்தில் டைம் கீப்பரைப் பார்த்திருப்பீர்கள். அவர் எந்தப் பஸ்ஸையும் ஓட்டுவதில்லை. ஆனால் எந்தப் பஸ் எந்த இடத்தில் நிற்கவேண்டும், எது எப்போது புறப்படவேண்டும் என்பதை அவர்தான் முறைப்படுத்துகிறார். அவர் இல்லாவிட்டால் எல்லாப் பஸ்களும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொள்ளும்.

கணிப்பொறியில் இந்த வேலையைச் செய்யும் நிரல்களின் தொகுதியே இயக்க அமைப்பு. நீங்கள் ஒரே நேரத்தில் கட்டுரை எழுதுகிறீர்கள், பாட்டுக் கேட்கிறீர்கள், படம் ஒன்றையும் அச்சிடுகிறீர்கள். இம்மூன்றுக்கும் நுண்செயலியின் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பங்கிட்டுக் கொடுப்பது, நினைவகத்தில் இடம் ஒதுக்குவது, வன்தட்டில் கோப்புகளை ஒழுங்காக வைப்பது, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றோடு பேசுவது எல்லாம் இயக்க அமைப்பின் பொறுப்பு. அது நன்றாக வேலை செய்யும்போது நமக்கு அதன் நினைவே வருவதில்லை. தவறும்போதுதான் அது இருப்பது தெரிகிறது. ஆகவே, புதிய இயக்க அமைப்பின் முதல் பதிப்பு ஒரு நல்ல ஆசிரியர். கணிப்பொறிக்குள் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்பதை அது தன் குறைகளாலேயே நமக்குக் காட்டிக் கொடுக்கிறது.

ஒரு கல்லூரி மாணவரின் மேசை

1991-ஆம் ஆண்டு. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் படித்துவந்தார். அவரிடம் இன்டெல் 386 நுண்செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு கணிப்பொறி இருந்தது. மினிக்ஸ் என்ற சிறிய இயக்க அமைப்பை அதில் பயன்படுத்தி வந்த அவர், தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஆகஸ்டு 25 அன்று, மற்ற மினிக்ஸ் பயனாளிகளுக்குச் செய்தி அனுப்பி, எவ்வகை வசதிகள் வேண்டும் என்று கேட்டார். செப்டம்பரில் 0.01 என்ற பதிப்பு வெளிவந்தது. சுமார் 10,000 வரிகள் கொண்ட அது தனித்து இயங்கக்கூட வல்லதன்று. அதை உருவாக்க மினிக்ஸின் துணை தேவைப்பட்டது. இதுவே பின்னர் லினக்ஸ் என்று உலகெங்கும் பெயர் பெற்றது.

அந்த முதல் பதிப்பில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அது ஃபின்லாந்து நாட்டு விசைப்பலகைக்கென எழுதப்பட்டிருந்தது. காரணம் எளிது. ஆக்கியவரின் மேசையில் இருந்தது அந்த விசைப்பலகைதான்! வேறு நாட்டார் அதைப் பயன்படுத்த நிரலை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த பயனாளி ஒருவரிடம் இருந்தது 2 மெகாபைட் நினைவகம்தான். அதை வைத்துக்கொண்டு அவரால் லினக்ஸை உருவாக்க முடியவில்லை. தம் இக்கட்டை டோர்வால்ட்ஸுக்குத் தெரிவித்தார். 1991-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு வழி செய்தார். நினைவகத்தில் அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை வன்தட்டுக்கு அனுப்பிவைத்து, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும் வழி அது. மேசையில் இடமில்லாதபோது, படிக்காத புத்தகங்களை அலமாரியில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? அதைப் போன்றதே இது. இந்த வசதி 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் இடம்பெற்றது. 4 மெகாபைட் வைத்திருந்த ஆக்கியவருக்கு அவ்வளவு எளிதில் புலப்படாத தேவையை, 2 மெகாபைட் வைத்திருந்தவர் எடுத்துக் காட்டினார்.

சென்னையில் உருவான பாஸ்

நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தன் சென்னை மையத்தில் 'பாஸ்' என்ற இயக்க அமைப்பை உருவாக்கி, 2007 ஜனவரியில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். இதன் அடிப்படை லினக்ஸ்; குறிப்பாக, 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் தொகுப்பு. அதன்மேல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் சேர்த்தார்கள்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு பெயர்களும் தோன்றும். எது வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்கள் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாகத் தொட்ட கணிப்பொறியிலேயே இவ்விரு பெயர்களையும் ஒருசேரக் கண்டார்கள். பழக்கமான பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றதைத் திறவாமலே விட்டவர்களும் உண்டு. திறந்து பார்த்தவர்கள் ஒன்றுக்கு இரண்டாகக் கற்றார்கள்.

ஏழு எழுத்து, பதினான்கு குறி

இப்போது நம் காடாம்புலியூர் மாணவரிடம் செல்வோம். அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதினால் கா, டா, ம், பு, லி, யூ, ர் என 7 எழுத்துகள். கணிப்பொறியோ யூனிகோடு முறையில் இதை 14 குறிகளாக வைத்துக்கொள்கிறது. 'கா' என்பது 'க' என்ற குறியும் கால் என்ற குறியும் சேர்ந்தது. 'ம்' என்பது 'ம' என்ற குறியும் புள்ளியும் சேர்ந்தது. மற்றவையும் இவ்வாறே. பிரித்து எண்ணிப் பாருங்கள்.

இந்த 14 குறிகளையும் 7 வடிவங்களாகச் சேர்த்துத் திரையில் வரைய ஒரு தனி நிரல் வேண்டும். 'பு', 'யூ' ஆகியவற்றில் மெய்யும் உயிரும் பிரிக்க முடியாதபடி ஓர் உருவமாகிவிடுகின்றன. அந்த நிரலில் குறை இருந்தால் 'ய' தனியாகவும் ஊகாரக் குறி ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகவும் நிற்கும்.

பக்கத்து ஊரான நெய்வேலி இதைவிடக் கடினமான தேர்வு. 'நெ' என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போடுகிறோம். ஆனால் கணிப்பொறி 'ந' என்பதை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கிறது; ஒலி வரும் வரிசை அதுதானே! வரையும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். இவ்விதி தெரியாத அமைப்பில் கொம்பு பின்னால் போய்விடும்.

தேடுதலிலும் ஒரு சிக்கல் உண்டு. 'முந்திரிக்கொட்டை' என்பதிலுள்ள 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டும் சமம் என்று கற்பிக்கப்படாத நிரல், ஒரு வகையில் எழுதியதை மறு வகையில் தேடினால் 'இல்லை' என்று சொல்லிவிடும்.

இக்குறைகளை ஹெல்சிங்கியிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர் தாமாகக் கண்டுபிடிப்பாரா? தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

மின்சாரம் நின்றால்?

அன்றாடம் நேரும் மற்றோர் அனுபவம், கோப்பு கெட்டுப்போவது. நீங்கள் 'சேமி' என்றதும் எழுத்துகள் உடனே வன்தட்டுக்கோ பென் டிரைவுக்கோ போய்விடுவதில்லை. வேகத்தை முன்னிட்டு, இயக்க அமைப்பு அவற்றை நினைவகத்தில் சிறிது நேரம் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாக எழுதும். அதற்குள் பென் டிரைவைப் பிடுங்கினாலோ மின்சாரம் நின்றாலோ கோப்பு அரைகுறையாகிவிடும்.

கடலூர் மாவட்டத்தாருக்கு மின்தடையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன.

லினக்ஸின் ஆரம்பப் பதிப்புகளில், மின்சாரம் திடீரென நின்று மீண்டும் வந்தால், வன்தட்டு முழுவதையும் சோதித்த பிறகே கணிப்பொறி வேலைக்கு வரும். அதற்கு நெடுநேரம் ஆகும். 2001-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ஈஎக்ஸ்டி3 என்ற கோப்பு முறை இதைத் தீர்த்தது. கடைக்காரர் பேரேட்டில் பதியுமுன் நாள்வழிக் கணக்கில் குறித்துக்கொள்வதைப் போல, இது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பில் எழுதிவைக்கும். மின்சாரம் திரும்பியதும் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்தால் போதும். அரைகுறையாக நின்றது எது என்று தெரிந்துவிடும்.

குறை சொல்வதும் ஓர் ஆய்வே

ஆக, முதல் பதிப்பைச் சீராக்குவது யார்? ஆக்கியவரும் பயனாளியும் சேர்ந்துதான். ஆனால் எல்லாப் பயனாளிகளாலும் இது முடிவதில்லை. "தமிழ் சரியாக வரவில்லை" என்று மட்டும் ஒருவர் எழுதினால், ஆக்கியவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த எழுத்து? எந்த நிரலில்? எப்போது?

உங்கள் செய்முறைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நோக்கம், செய்முறை, காண்பன, முடிவு என்று எழுதுகிறீர்கள் அல்லவா? பிழை அறிவிப்பும் அப்படித்தான் இருக்கவேண்டும்:

1. இயக்க அமைப்பின் பெயர், பதிப்பு எண், கணிப்பொறியின் வகை.
2. நீங்கள் செய்தது என்ன? ஒவ்வொரு படியாக எழுதவேண்டும்.
3. என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?
4. உண்மையில் என்ன நடந்தது? திரையில் தோன்றிய சொற்களை அப்படியே எழுதவேண்டும்.
5. மறுபடி செய்தால் மறுபடியும் நடக்கிறதா?

ஐந்தாவது கேள்வி மிக முக்கியமானது. மீண்டும் நிகழ்த்திக் காட்டக்கூடிய பிழையை, ஆக்கியவர் தம் மேசையிலேயே வரவழைத்துப் பார்க்கலாம். பார்க்க முடிந்த பிழையைத் திருத்தும் வழியும் விரைவில் புலப்படும். லினக்ஸ், பாஸ் போன்றவற்றில் மூல நிரலும் வெளிப்படையாகக் கிடைப்பதால், திறமை உள்ளவர் பிழையைத் தாமே திருத்தியும் அனுப்பலாம்.

இந்தப் பாதை இன்னும் முடிந்துவிடவில்லை. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் 'பார் ஓஎஸ்' என்ற கைப்பேசி இயக்க அமைப்பு அறிமுகமானது. இனியும் புதியவை வரும். ஒவ்வொன்றின் முதல் பதிப்பும் ஆக்கியவரின் மேசைக்கு ஏற்றபடிதான் பிறக்கும். உங்கள் மேசையில் இருப்பது தமிழ் விசைப்பலகை, பழைய அச்சுப்பொறி, அடிக்கடி நிற்கும் மின்சாரம். இவற்றை யாரும் அறிவிக்காவிட்டால், இவை இல்லாத உலகத்துக்கென்றே அந்த அமைப்பு வளர்ந்துவிடும். பிறகு நம் மொழியை அதில் புகுத்த நாம் காத்துக் கிடக்கவேண்டும். எனவே காடாம்புலியூர் மாணவர் கணிப்பொறியை மூடிவிட வேண்டாம். பதிவேட்டைத் திறக்கட்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் ஆசிரியரின் அனுமதியோடு இச்சோதனையைச் செய்யலாம். எளிய உரைக் கோப்பு ஒன்றில் 'காடாம்புலியூர்' என்ற சொல்லை மட்டும் எழுதி, யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவு எத்தனை பைட் என்று பாருங்கள். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. எனவே 14 × 3 = 42 வரவேண்டும். 43 வந்தால், வரியின் முடிவைக் குறிக்க 1 பைட் கூடியிருக்கிறது. 45 வந்தால், கோப்பின் தொடக்கத்தில் 3 பைட் அளவுள்ள அடையாளக் குறி ஒன்று சேர்ந்திருக்கிறது.

அடுத்து, அந்தச் சொல்லின் இறுதியில் நின்று, பின்னழிப்பு விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். 'ர்' முழுவதும் மறைகிறதா, புள்ளி மட்டும் மறைகிறதா? இரண்டு வேறு இயக்க அமைப்புகளில் செய்து, காண்பனவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு உங்கள் ஊரின் பெயரையும் இவ்வாறே சோதித்து, அதற்கு எத்தனை குறிகள், எத்தனை பைட் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சரிபாருங்கள்.