ஒரு ஸ்பேனரும் செவ்வாய்க் கிரகமும்



கம்ப்யூட்டர் என்றாலே வேகம் என்று நினைக்கிறோம். ஆனால் லிஃப்ட், ரயில் சிக்னல், கார் பிரேக் இவற்றை இயக்கும் கம்ப்யூட்டருக்கு வேகம் மட்டும் போதாது. சரியான விடை, குறித்த நேரத்துக்குள் வந்தாக வேண்டும். பிரேக் பிடிக்கும் கட்டளை ஒரு நொடி தாமதமானால், கணக்கு சரியாக இருக்கும்; வண்டி மோதியிருக்கும்! இவற்றை 'ரியல் டைம் சிஸ்டம்' என்பார்கள். இத்துறையில் நடந்த ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி வேறொரு கிரகம் வரை போய் உதவிய கதைதான் இது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா லாரி பட்டறையில் ஹெல்பர். அங்கே பெரிய பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றே ஒன்று. அப்பா அதில் ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஹெட் மெக்கானிக்குக்கும் அது தேவைப்படும். பாதியில் பிடுங்க முடியாது, காத்திருப்பார். அதற்குள் பெயின்டர், "யோவ், போய் டீ வாங்கிட்டு வாய்யா" என்பார். பிறகு டிங்கர் கூப்பிடுவார். ஹெல்பர் மறுக்க முடியுமா? போல்ட் பாதியில் நிற்கும். ஹெட் மெக்கானிக்கின் வேலையும் நிற்கும். கடைசியில் திட்டு வாங்குவது அப்பா!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. கீழ்நிலை வேலை ஒன்று பொதுப் பொருளைப் பூட்டி வைத்திருக்கும். மேல்நிலை வேலை அதற்குக் காத்திருக்கும். நடுநிலை வேலை குறுக்கே புகுந்து கீழ்நிலை வேலையை நிறுத்திவிடும். ஆக, பெரியவர் நடுவில் உள்ளவருக்காகக் காத்துக் கிடக்கிறார். இதன் பெயர் 'ப்ரையாரிட்டி இன்வர்ஷன்', அதாவது முன்னுரிமை தலைகீழாவது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயி ஷா, ராஜ்குமார், லெஹாஸ்கி ஆகிய மூவரும் இதை ஆராய்ந்து 1990-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இவர்களில் ராஜ்குமார் நம் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை. அவர்கள் தந்த தீர்வு எளியது. பெரியவருக்கு வேண்டிய பொருள் சின்னவர் கையில் இருக்கும் வரை, சின்னவருக்குப் பெரியவரின் அந்தஸ்து. நடுவில் யாரும் அவரைக் கூப்பிட முடியாது. பொருளை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார். இதற்கு 'ப்ரையாரிட்டி இன்ஹெரிடன்ஸ்' என்று பெயர்.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் 'பாத்ஃபைண்டர்' செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்நிலை வேலை பூட்டைப் பிடித்திருக்க, தகவல் தொடர்பு வேலை நடுவில் புகுந்தது. தகவல்களைப் பகிர்ந்து தரும் மேல்நிலை வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை. 'ஏதோ கோளாறு' என்று கருதி கம்ப்யூட்டர் ரீசெட் ஆனது. பொறியாளர்கள் பூமியிலிருந்த மாதிரிக் கருவியில் அதே பிழையை வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். தீர்வு அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது! பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதை இயக்கினார்கள். ரீசெட் நின்றது.

இன்னொரு செய்தி. ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலும் இப்பிழை தலைகாட்டியது. ஆனால் தேடியபோது மறுபடி வரவில்லை. நாமும் லேப்பில் பத்து தடவையில் ஒரு தடவை ப்ரோகிராம் நின்றால், "லூஸ் கனெக்‌ஷன் சார்" என்று சொல்லி ரெக்கார்ட் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு தடவைதான் பாடம், நண்பர்களே! எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், "அப்போ இத்தனை வருஷமா தப்பு என் மேல இல்லையாடா?" என்றார்.

"இல்லைப்பா. அமைப்பு மேல" என்றேன்.